காலில் சுருண்டு தெரிவது நரம்பு இல்ல: வெரிகோஸ் வெயின் ஏன் வருது, எப்படி சரி பண்றாங்க?

எபிசோட் 41-இன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.

இன்னைக்கு ஒரு வார்த்தையில இருந்து ஆரம்பிக்கலாம். நரம்பு.

ஊசி போடும்போது "நரம்பே கிடைக்கல"னு நர்ஸ் சொல்வாங்க. ஜிம்முக்குப் போற பசங்க கையை மடக்கி "நரம்பு தெரியுது பாரு"னு காட்டுவாங்க. வயசானவங்க காலில் நீலமா, பாம்பு மாதிரி வளைஞ்சு புடைச்சுத் தெரியறதைப் பார்த்து "நரம்பு சுருட்டிக்கிச்சு"னு சொல்வோம். இந்த மூணுமே நரம்பு கிடையாது. மூணுமே இரத்தக்குழாய்.

மூளைக்கும் உடம்புக்கும் நடுவுல சிக்னல் கொண்டுபோற ஒயர்தான் நரம்பு. இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோற குழாய் தமனி. அதைத் திரும்ப இதயத்துக்குக் கொண்டுவர்ற குழாய் சிரை. ஸ்கூல் அறிவியல் புத்தகத்துல படிச்சு, பரீட்சை முடிஞ்சதும் மறந்துட்டோம். வெரிகோஸ் வெயின் சிரையில வர்ற பிரச்சினை.

பேருல என்ன இருக்குனு கேட்கலாம். இருக்கு. "நரம்பு"னு நினைச்சதும் நாம மெடிக்கல் ஷாப்புக்குப் போய் நரம்புக்குச் சத்து மாத்திரை வாங்கறோம். எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கிறோம். டாக்டர் "இந்தக் குழாயை மூடிடலாம்"னு சொன்னா, "ஐயோ, நரம்பை எரிச்சா கால் விளங்காமப் போயிடும்"னு பயந்து எழுந்து வந்துடறோம். இப்படியே பத்து வருஷம் போயிடுது. இந்த எபிசோடோட நோக்கமே அந்த பயத்தைப் போக்கறதுதான்.

வழக்கம்போல ஒண்ணு சொல்லிடறேன். நான் டாக்டர் இல்ல. இன்ஜினியரிங் படிச்சு, கோட் எழுதிப் பிழைக்கிற ஆள். இங்க சொல்றது புரிஞ்சுக்கறதுக்கு. உங்க காலைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியது டாக்டர்.

[03:10] ஃபுட் வால்வு போன கதை

கிணறு இருக்கிற வீட்டுல வளர்ந்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். மோட்டார் உறிஞ்சற பைப்போட அடி முனையில, தண்ணிக்குள்ள ஒரு ஃபுட் வால்வு இருக்கும். தண்ணி மேல போக விடும், கீழ இறங்க விடாது. அது லீக் ஆச்சுன்னா, மோட்டாரை நிறுத்தினதும் பைப்ல நின்ன தண்ணி எல்லாம் கிணத்துக்கே இறங்கிடும். மறுநாள் மோட்டார் போட்டா வெறும் காத்து சத்தம்தான்.

காலில் இருக்கிற சிரைகளிலும் இதே மாதிரி ஒருவழி வால்வுகள் உண்டு. அடியில ஒண்ணே ஒண்ணு இல்ல, வழி நெடுக இருக்கு. ஒவ்வொண்ணும் ரெண்டு மெல்லிய இதழ். இரத்தம் மேல போகும்போது திறக்கும், கீழ வரப் பார்த்தா மூடிக்கும்.

அப்போ மோட்டார் எது? கெண்டைக்கால் தசை. இதயம் தள்ளின வேகம், இரத்தம் பாதம் வரைக்கும் வந்து சிரைக்குள்ள நுழையறப்போ பெரும்பாலும் தீர்ந்து போயிருக்கும். அங்கிருந்து மேல ஏத்தறது பெரிய அளவுல நம்ம நடைதான். ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் கெண்டைக்கால் தசை இறுகி, உள்ளே ஆழத்துல இருக்கிற சிரையைப் பிழியுது. இரத்தம் மேல போகுது. தசை தளரும்போது வால்வு மூடிக்கிறதால திரும்பி வராது. கெண்டைக்காலை "இரண்டாவது இதயம்"னு சொல்றது இதனாலதான்.

இந்த வால்வை நீங்க இப்பவே சோதிச்சுப் பார்க்கலாம். 1628-ல வில்லியம் ஹார்வி இரத்த ஓட்டத்தைப் பத்தின தன் புத்தகத்துல காட்டின சோதனை இது. கையைக் கொஞ்ச நேரம் தொங்கவிட்டா புறங்கையிலோ முன்கையிலோ நல்லா தெரியற சிரை ஒண்ணு கிடைக்கும். விரல் பக்கமா ஒரு இடத்துல அதை அழுத்திப் பிடிங்க. இன்னொரு விரலால அங்கிருந்து முழங்கை பக்கமா இரத்தத்தைத் தள்ளிட்டு, அந்த ரெண்டாவது விரலை எடுத்துடுங்க. வால்வைத் தாண்டித் தள்ளியிருந்தா, நடுவுல இருக்கிற துண்டு காலியாவே நிக்கும். மேல இருந்து இரத்தம் திரும்பி வராது. முதல் விரலை எடுத்ததும் கீழிருந்து நிரம்பிடும். அந்தத் துண்டைக் காலியா வெச்சிருந்தது வால்வு.

[06:00] வால்வு லீக் ஆனா என்ன ஆகும்?

காலில் ரெண்டு அடுக்கா சிரைகள் இருக்கு. தசைகளுக்கு நடுவுல ஓடற ஆழ்சிரைகள்தான் மெயின் ரோடு. காலிலிருந்து திரும்பற இரத்தத்துல சுமார் 90 சதவீதம் அதுல போகுது. தோலுக்குக் கீழ ஓடறது மேலோட்டமான சிரைகள், அதாவது சர்வீஸ் ரோடு. அதுல பெரியது உள் கணுக்காலுக்கு முன்னாடி தொடங்கி, தொடை இடுக்கு வரைக்கும் போய் ஆழ்சிரையில சேருது. உடம்பிலேயே நீளமான சிரை அதுதான். கிரேட் சஃபீனஸ் வெயின்னு பேர். ஸ்கேன் ரிப்போர்ட்டுல ஜி.எஸ்.வி.னு போட்டிருப்பாங்க.

நாம அசையாம நிக்கும்போது கணுக்கால் சிரைக்குள்ள அழுத்தம் சுமார் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரசம் வரைக்கும் இருக்கும். நடக்க ஆரம்பிச்சா, பம்பும் வால்வும் ஒழுங்கா இருந்தா, அது 30-க்குப் பக்கத்துல இறங்கிடும். வால்வு கெட்டுப் போனவங்களுக்கு நடந்தாலும் அழுத்தம் அந்த அளவுக்கு இறங்காது. மேல தள்ளின இரத்தம் உடனே கீழ வழிஞ்சு வந்துடுது. இரத்தம் இப்படிப் பின்னோக்கி ஓடறதைத்தான் ரிஃப்ளக்ஸ்னு சொல்றாங்க.

நாள் முழுக்க, வருஷக்கணக்கா அந்த அழுத்தத்தைத் தாங்கற மெல்லிய குழாய் விரியும், நீளும். நீளம் கூடினா நேரா இருக்க இடம் இல்லாம வளைஞ்சு சுருளும். நம்ம கண்ணுக்குத் தெரியற பாம்பு அதுதான். கோளாறு பல சமயம் அந்தச் சுருள்ல இருக்காது. அதுக்கு ரொம்ப மேல, தொடை இடுக்குல இருக்கிற ஒரு வால்வுல இருக்கும். சுவத்துல ஈரம் தெரியற இடம் ஒண்ணு, பைப் உடைஞ்ச இடம் வேறனு பிளம்பர் சொல்வாரே, அதே கதை.

யாருக்கு வருது? அப்பா அம்மாவுக்கு இருந்தா நமக்கு வர வாய்ப்பு அதிகம். வயசு கூடக்கூட அதிகம். உடல் பருமன் ஒரு காரணம். கர்ப்ப காலத்துல இரத்த அளவு கூடுது, ஹார்மோன் சிரையோட சுவரைத் தளர்த்துது, வளர்ற கருப்பை மேல இருக்கிற பெரிய சிரையை அழுத்துது. அதனால பல பெண்களுக்கு அப்போதான் முதல்ல தெரிய வருது. மணிக்கணக்கா ஒரே இடத்துல நிக்கிற வேலை இன்னொரு முக்கியக் காரணம். துணிக்கடை, ஹோட்டல், டிராஃபிக் போலீஸ், சலூன், ஆபரேஷன் தியேட்டர்.

ஐடி மக்களே, ஸ்டாண்டிங் டெஸ்க் வாங்கிட்டேன், தப்பிச்சேன்னு நினைக்காதீங்க. அசையாம நின்னாலும் பம்ப் ஓடாது, அசையாம உட்கார்ந்தாலும் ஓடாது. காலுக்குத் தேவை அசைவு.

[09:40] அழகுப் பிரச்சினை எங்க முடியுது?

டாக்டர்கள் இதை சி0-லேர்ந்து சி6 வரைக்கும் தரம் பிரிக்கிறாங்க. எளிமையா சொல்றேன். சி1-னா சிலந்தி வலை மாதிரி மெல்லிய நீல, சிவப்புக் கோடுகள். பெரும்பாலும் தோற்றம் சம்பந்தப்பட்டது. சி2-தான் புடைச்சு சுருண்ட சிரை. சி3 வீக்கம், சாயங்காலம் செருப்பு இறுக்கும், சாக்ஸ் அச்சு ஆழமா பதியும். சி4-ல தோல் மாறுது. சி5 ஆறின புண், சி6 ஆறாத புண்.

நாம கவனிக்க வேண்டியது சி4. உள் கணுக்காலுக்கு மேல தோல் பழுப்பா, கருப்பா மாறும். அரிக்கும். தோல் இறுகிப் பலகை மாதிரி ஆகும். அழுத்தம் தாங்காம சின்ன இரத்தக்குழாய்களிலிருந்து சிவப்பணுக்கள் வெளியே கசிஞ்சு, அதுல இருக்கிற இரும்பு தோலுக்குள்ள தங்கிடறதுதான் அந்த நிறம். போர் தண்ணி புழங்கற பாத்ரூம் டைல்ஸ்ல படியற கறையை நினைச்சுக்கோங்க. பலர் இதைச் சாதாரண தோல் வியாதினு நினைச்சு களிம்பு மாத்தி மாத்திப் போடறாங்க.

எங்க வீட்டுலயே நடந்தது. என் சித்தி 17 வருஷம் ஒரு துணிக்கடையில நின்னுக்கிட்டே வேலை பார்த்தாங்க. உட்கார ஸ்டூல் கிடையாது, சுவத்துல சாஞ்சா சூப்பர்வைசர் முறைப்பார். கணுக்கால் கிட்ட அரிச்சு, சொறிஞ்சு, ஒரு ரூபாய் அளவுக்குப் புண்ணு. பார்த்தவங்க எல்லாம் "சுகர் புண்ணு"னு சொன்னாங்க. சுகர் டெஸ்ட் நார்மல். ஆனாலும் 14 மாசம் களிம்பு, கட்டு, ஆன்டிபயாடிக். சேலையை இழுத்து மூடிக்கிட்டு வேலைக்குப் போனாங்க. கடைசியில ஒரு சர்ஜன் புண்ணைப் பார்த்துட்டு, "எழுந்து நில்லுங்கம்மா, முழுக் காலையும் பார்க்கணும்"னார். தொடையிலிருந்து கீழ வரைக்கும் ஸ்கேன் எடுத்தார். வால்வு லீக்! அந்தச் சிரையை மூடி, அழுத்தக் கட்டு போட்டதுக்கு அப்புறம் ரெண்டரை மாசத்துல புண் ஆறிடுச்சு.

சித்திக்கு மட்டும் அதிர்ஷ்டம் அடிச்ச கதை இல்ல இது. பிரிட்டனில் 450 பேரை வெச்சு நடந்த எவ்ரா ஆய்வு 2018-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்தது. எல்லாருக்கும் சிரைப் புண், எல்லாருக்கும் அழுத்தக் கட்டு. ஒரு பாதிப் பேருக்கு ரெண்டு வாரத்துக்குள்ள சிரை சிகிச்சை. மறு பாதிக்கு, புண் ஆறின பிறகு, அல்லது ஆறு மாசம் ஆகியும் ஆறலைன்னா சிகிச்சை. சீக்கிரம் செஞ்சவங்களுக்குப் புண் ஆற எடுத்த இடைநிலைக் காலம் 56 நாள். காத்திருந்தவங்களுக்கு 82 நாள். புண்ணுக்குக் கட்டு போடறது அவசியம்தான். ஆனா மேல லீக்கை அடைச்சா சீக்கிரம் ஆறுது.

[13:20] என்ன டெஸ்ட்?

டூப்ளெக்ஸ் டாப்ளர். வலிக்காத அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். இரத்தம் எந்தப் பக்கம் ஓடுதுனு திரையில காட்டும். டெக்னீஷியன் கெண்டைக்காலை அமுக்கி விடுவார். இரத்தம் மேல போய், திரும்பிக் கீழ வருதா, எவ்வளவு நேரம் வருதுனு பார்ப்பாங்க. மேலோட்டமான சிரையில அரை வினாடிக்கு மேல பின்னோக்கி ஓடினா ரிஃப்ளக்ஸ்னு கணக்கு.

ரிஃப்ளக்ஸ் பார்க்கற இந்த ஸ்கேனை நிக்க வெச்சு எடுக்கறதுதான் முறை. புவியீர்ப்பு இருந்தாத்தானே லீக் தெரியும்! ஆழ்சிரையில இரத்தக்கட்டி எதுவும் இல்ல, வழி திறந்திருக்குனும் அதுல உறுதி பண்ணுவாங்க. மெயின் ரோடு நல்லா இருக்கானு தெரியாம சர்வீஸ் ரோட்டை மூட முடியாது.

டாக்டர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. எந்தச் சிரையில ரிஃப்ளக்ஸ்? எத்தனை வினாடி? ஆழ்சிரை எப்படி இருக்கு? ஸ்கேனே எடுக்காம "நாளைக்கே லேசர் பண்ணிடலாம், ஆஃபர் இருக்கு"னு ஒரு கிளினிக் சொன்னா, இன்னொரு டாக்டரையும் பாருங்க. சிலந்திக் கோடுகளைக் காட்டிப் பயமுறுத்தற விளம்பரங்களும் இருக்கு. கோடு தெரியுது, மத்தபடி தொந்தரவே இல்லைன்னா அவசரம் எதுவும் இல்ல.

[15:30] சிகிச்சைன்னா என்ன பண்றாங்க?

எல்லா முறைக்கும் அடிப்படை ஒண்ணுதான். கெட்டுப் போன குழாயை ஓட்டத்திலிருந்து விலக்கறது. லோடு பேலன்சருக்குப் பின்னாடி ஒரு சர்வர் தப்பு தப்பா ரெஸ்பான்ஸ் அனுப்புதுன்னா அதை எடுத்துடுவோம், டிராஃபிக் நல்ல சர்வர்களுக்குப் போயிடும். அதே லாஜிக்.

பழைய முறை அறுவை சிகிச்சை. தொடை இடுக்குல கீறி, சிரையைக் கட்டி, உருவி எடுக்கறது. சிரையைக் கட்டற முறையை 1890-கள்லயே ஜெர்மன் சர்ஜன் டிரெண்டலன்பர்க் செஞ்சிருக்கார். இப்பவும் சிலருக்குத் தேவைப்படுது.

ரெண்டாவது, வெப்பத்தால மூடறது. லேசர், அல்லது ரேடியோ அலை. முழங்கால் பக்கத்துல ஒரு ஊசித் துளை. ஸ்கேன் பார்த்துக்கிட்டே மெல்லிய கம்பி மாதிரி ஒரு குழாயைச் சிரைக்குள்ள மேல வரைக்கும் ஏத்துவாங்க. சிரையைச் சுத்தி மரப்பு மருந்து கலந்த உப்புநீரை ஊசியால ஏத்துவாங்க. அது வலியைத் தடுக்கும், வெப்பம் பக்கத்துல இருக்கிற திசுவுக்குப் போகாம காக்கும். அப்புறம் சூடு பண்ணிக்கிட்டே வெளியே இழுப்பாங்க. அதிகம் பயன்படற ரேடியோ அலைக் கருவி 7 சென்டிமீட்டர் துண்டை 120 டிகிரி செல்சியஸ்ல 20 வினாடி சூடாக்கும். சிரை சுருங்கி மூடிக்கும், காலப்போக்குல நார் மாதிரி ஆயிடும். பெரும்பாலும் அன்னைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம். நடக்கச் சொல்லித்தான் அனுப்புவாங்க.

மூணாவது, நுரை ஊசி. சிரையோட உள்சுவரைப் புண்ணாக்கி ஒட்ட வைக்கிற மருந்தை நுரையாக்கிச் செலுத்துவாங்க. நாலாவது, பசை. சயனோஅக்ரிலேட். ஆமா, ஃபெவிக்விக் குடும்பம்தான். ஆனா மருத்துவத்துக்குன்னு தயாரிச்சது.

இதுல எது முதல்ல? பிரிட்டனோட நைஸ் அமைப்பு 2013-ல சொன்ன வரிசை இது: முதல்ல வெப்ப முறை, அது பொருந்தலைன்னா நுரை, அதுவும் பொருந்தலைன்னா அறுவை சிகிச்சை. உங்க சிரையோட அளவு, வளைவு, செலவு எல்லாம் பார்த்து இது மாறலாம்.

பக்கவிளைவே இல்லைனு யாராவது சொன்னா நம்பாதீங்க. கன்னிப்போறது, சில வாரம் இழுத்துப் பிடிக்கிற வலி, பக்கத்துல ஓடற நிஜ நரம்பு உரசுப்பட்டு மரத்துப் போறது, அரிதா ஆழ்சிரையில இரத்தக்கட்டி. இதெல்லாம் உண்டு. சில வருஷத்துல வேற சிரை லீக் ஆகி மறுபடி வரவும் வரலாம்.

[19:00] நீங்க அனுப்பின கேள்விகள்

"சிரையை மூடிட்டா இரத்தம் எப்படிப் போகும்?" ரொம்பப் பேர் கேட்ட கேள்வி. பைபாஸ் ஆபரேஷன் பண்ணிக்கிட்ட ஒருத்தரை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இதயத்துல வைக்கிற மாற்றுக்குழாய் பல சமயம் எங்கிருந்து வருது? காலில் இருக்கிற இதே ஜி.எஸ்.வி.யிலிருந்துதான். அதை எடுத்ததுக்கு அப்புறமும் அவங்க காலையில பார்க்குல வாக்கிங் போறாங்க. ஆழ்சிரை நல்லா இருந்தா கால் விளங்காமப் போகாது. சொல்லப்போனா, லீக் ஆன சிரை வேலை எதுவும் செய்யல, மேல ஏறின இரத்தத்தைத் திரும்பக் கீழ இறக்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு.

"ஸ்டாக்கிங்ஸ் போட்டா சரியாயிடுமா?" வீக்கம், வலி குறையும். வால்வு சரியாகாது. கழட்டினா பழைய நிலைதான். போடறதுன்னா காலையில கட்டிலை விட்டு இறங்கறதுக்கு முன்னாடி போடணும். கணுக்கால், கெண்டைக்கால் அளவெடுத்து வாங்கணும். புகைபிடிக்கிறவங்க, சுகர் இருக்கறவங்க முதல்ல தமனியில அடைப்பு இருக்கானு பார்த்துடணும். ஏற்கனவே இரத்தம் குறைவா வர்ற காலை இறுக்கினா ஆபத்து.

"நான் கர்ப்பமா இருக்கேன், இப்பவே பண்ணிக்கணுமா?" பொதுவா பிரசவம் முடியற வரைக்கும் காத்திருக்கத்தான் சொல்வாங்க. அடுத்த சில மாசத்துல பலருக்கு நல்லா குறையுது.

"புடைச்ச சிரை வெடிச்சு இரத்தம் பீய்ச்சினா?" படுத்துடுங்க. காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல தூக்குங்க. சுத்தமான துணியால அழுத்திப் பிடிங்க. பார்க்க பயமா இருந்தாலும் பெரும்பாலும் நின்னுடும். கயிறு கட்டாதீங்க. நிக்கலைன்னா 108. நின்னாலும் அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க.

"எப்போ அவசரம்?" ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிச்சா, அது ஆழ்சிரையில இரத்தக்கட்டியா இருக்கலாம். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தா ஒரு நிமிஷம் கூடத் தள்ளிப்போடக் கூடாது.

"எந்த டாக்டர்?" வாஸ்குலர் சர்ஜன், அதாவது இரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணர். நரம்பு டாக்டர் இல்ல. பெரிய அரசு மருத்துவமனைகளிலும் இருக்காங்க. சென்னை சென்ட்ரல் எதிர்ல ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில இதுக்குத் தனித் துறையே இருக்கு.

[23:15] ஒரு நாற்காலி

கடைசியா ஒரு விஷயம். கேரளாவுல கோழிக்கோட்டுத் துணிக்கடைகள்ல வேலை பார்த்த பெண்கள், விஜி என்ற தையல் தொழிலாளி தொடங்கின பெண்கூட்டு அமைப்பு மூலமா உட்கார உரிமை கேட்டுப் பல வருஷம் போராடினாங்க. 2018-ல கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்துச்சு. 2021-ல தமிழ்நாடும் 1947-ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துல 22-ஏ பிரிவைச் சேர்த்துச்சு. ஊழியர்களுக்குப் பொருத்தமான இருக்கை வசதி இருக்கணும், வேலைக்கு நடுவுல வாய்ப்பு கிடைக்கும்போது அவங்க உட்காரலாம். இது சட்டம்.

அடுத்த தடவை புடவை எடுக்கவோ நகை எடுக்கவோ போகும்போது, நமக்கு எடுத்துக் காட்டற அக்காவுக்குப் பின்னாடி ஸ்டூல் இருக்கானு பாருங்க. இல்லைன்னா, "அவங்க உட்கார இடம் இல்லையா?"னு கேஷியர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க. அவங்க கேட்டா வேலை போகலாம். நாம கேட்டா நம்ம வேலை போகாது.

வீட்டுலயும் ஒண்ணு. அம்மா, அப்பா, பாட்டி யாரா இருந்தாலும் காலைக் காட்டுனு சொன்னா காட்ட மாட்டாங்க, "அதெல்லாம் ஒண்ணுமில்ல"னு மறைப்பாங்க. இந்த வாரம் கணுக்காலுக்கு மேல, உள்பக்கம் பாருங்க. பழுப்பா இருக்கா, இறுகியிருக்கா, ஆறாத புண் இருக்கா? இருந்தா களிம்பை ஓரமா வெச்சுட்டு, நிக்க வெச்சு எடுக்கற டாப்ளருக்குக் கூட்டிட்டுப் போங்க.

கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. இதைக் கேட்டது, படிச்சது போதும், எழுந்து தண்ணி குடிக்கற சாக்குல ஒரு நடை போயிட்டு வாங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.